ஈச்சங்குன்று ஆடுகள் நூற்று எண்பத்து மூன்று

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை நினைத்தால் ஒரு தேசத்தின் மண்ணையும் நீரையும் தாங்கிப் பிடிக்கும் என்று ராஜாராம் அடிக்கடி சொல்லுவார். அவருடைய கட்டுரை அப்போதைக்கு ஒரு மேசையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

மேசை, செஞ்சியை ஒட்டிய ஈச்சங்குப்பத்தின் பஞ்சாயத்து பிரசிடெண்ட் ராஜாங்கத்துடையது. அதன் நாலு காலில் ஒன்று குட்டை. குட்டைக் காலுக்கு அடியிலிருந்து பச்சை அட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. அந்தப் பச்சையை ராஜாராம் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லுவார். பத்திரிகைக்காரர்கள் இனாமாக அனுப்பிய பிரதிகளை, 'அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஊர்ப் பெரிய மனிதர்கள் அத்தனை பேருக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்.

"கட்டுரை உபயோகமா இருக்கா, பிரசிடெண்ட்?" என்று கேட்டார்.

"அது இல்லன்னா இங்க ஒரு கையெழுத்து நேரா வராது சார்," என்றார் ராஜாங்கம்.

ராஜாராம் செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். கும்பகோணம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வாத்தியார் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. ஆராய்ச்சியாளர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. 'ஈச்சங்குன்றில் ஆடுகளின் நிலைமேய்ச்சலும் மலைவளச் சிதைவும்' என்பது கட்டுரையின் பெயர். இங்கிலீஷில் இன்னும் நீளம். குன்றில் நூற்று எண்பத்து மூன்று ஆடுகள் மேய்கின்றன, அவை புதரையெல்லாம் தின்று தீர்த்தால் மழையில் மண் கரைந்து ஏரி தூர்ந்துவிடும், ஆகவே மேய்ச்சலை உடனே தடை செய்க என்பது சாரம். மூன்று வாரம் தொடர்ந்து எண்ணியும் ஓர் ஆடு கூடவும் இல்லை குறையவும் இல்லை, இப்படிப்பட்ட துல்லியம் தென்னாற்காடு ஜில்லாவுக்கே புதிது என்று கட்டுரைக்குள்ளேயே தம்மைப் பாராட்டியும் வைத்திருந்தார்.

அந்தத் துல்லியத்தில் மயங்கிப்போன ஒருவரும் இருந்தார். மெட்ராஸில் புதிதாகத் தொடங்கவிருந்த நிலவளக் கழகம் ஒன்றின் தலைவர், டாக்டர் கோவிந்தசாமி. அவரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. 'ஆய்வு அதிகாரி பதவி ஒன்று காலி. உமது கட்டுரையை எத்தனை பேர் படித்தார்கள் என்பது எனக்கு வேண்டாம். அதைக் கொண்டு யார், எங்கே, என்ன முடிவு எடுத்தார்கள்? அதைக் காட்டும். பதவி உமக்கு.'

கடிதம் வந்த மறுநாளே ராஜாராம் 'ஆய்வு அதிகாரி' என்று பெயர்ப்பலகை எழுதவைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அவர் மனைவி வள்ளியம்மாள் அதற்கும் ஒரு படி மேலே போய், வீட்டைக் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் வேறு ஆளிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். இனி முடிவு ஒன்று கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பெயர்ப்பலகையை மாட்டச் சுவர்கூட இருக்காது.

"ஒரே ஒரு தீர்மானம் போதும், பிரசிடெண்ட். ஈச்சங்குன்றுல இனிமே ஆடு மேய்க்கக் கூடாது. அவ்வளவுதான்," என்றார் ராஜாராம்.

ராஜாங்கத்தின் முகம் சுண்டியது. "ஆடு வெச்சிருக்கறவன்லாம் நம்ம ஓட்டு சார்," என்றவர், சட்டென்று நிறுத்தினார். "எந்தக் குன்று சொன்னீங்க?"

"ஈச்சங்குன்று. தனகோட்டி கடைக்கு எதிர்ல இருக்கே, அது."

தனகோட்டி, பிரசிடெண்டின் மச்சினன். குன்றின் அடிவாரத்தில் காபிக் கடை வைத்திருந்தான். பஞ்சாயத்தில் எந்த வேலை வந்தாலும் காண்ட்ராக்ட் எடுப்பவனும் அவனேதான். அப்போதும் பக்கத்திலேயே குந்தியிருந்தான்.

"அது மட்டுந்தானா? மத்த மலைங்க?" என்று கேட்டான் தனகோட்டி.

"மத்த மலையைப் பத்தி நான் எழுதல."

மாமனும் மச்சினனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அத மொதல்லயே சொல்லக்கூடாதா சார்," என்றார் ராஜாங்கம். "நாளைக்கே போட்டுடலாம்."

அடிதடி நடக்கும் என்று எதிர்பார்த்து, ராஜாராம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனார். அடிதடி நடக்கவில்லை. ஊரிலேயே பெரிய ஆட்டுப் பட்டிக்காரர் எழுந்து தீர்மானத்தை முன்மொழிந்தார். அடுத்த பட்டிக்காரர் வழிமொழிந்தார். ஓர் உறுப்பினர் இரண்டு கையையும் தூக்கினார். இவ்வளவு ஒற்றுமையான கூட்டம் அந்தப் பஞ்சாயத்தில் அதற்கு முன்பு நடந்ததில்லை.

"இந்த மாதிரி தீர்மானம் இன்னும் ரெண்டு மூணு இருந்தா எழுதிக் குடுங்க சார்," என்று ராஜாங்கம் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

"கட்டுரையோட வலிமை அது, வள்ளி," என்றார் ராஜாராம் வீட்டில். "சொந்த நஷ்டத்தைக்கூடப் பொருட்படுத்தாம கை தூக்கறான்."

"எதிர்வீட்டம்மாவும் கூட்டத்துக்குப் போயிருந்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்களாமே."

"பூரிப்பு," என்றார் ராஜாராம்.

தீர்மானத்தின் நகல் மெட்ராஸ் போயிற்று. பதில் வந்தது. 'மிக்க மகிழ்ச்சி. ஆனால் தீர்மானம் காகிதம். காகிதத்தை ஆடும் தின்னும். அது மலையில் அமலாகியிருக்கிறதா? வருகிற அமாவாசையன்று நேரில் வந்து பார்க்கிறேன். பாதிக்கப்பட்ட ஆட்டுக்காரர் ஒருவரையும் நான் சந்திக்க வேண்டும்.'

ராஜாராம் மறுபடி பிரசிடெண்டிடம் ஓடினார். அமலாகியிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் வேலி போட வேண்டும் என்றார். வேலி என்ற சொல் காதில் விழுந்ததுமே தனகோட்டி எழுந்து நின்றுவிட்டான்.

"முள்ளுவேலிதான? சுத்தி வளச்சி, ஆள் ஒசரத்துக்குப் போட்டுக் குடுத்துடறேன் சார். நீ பேசாம வூட்டுல குந்தி ஆராய்ச்சி பண்ணு."

ராஜாராம் பேசாமல் வீட்டில் குந்தினார். வேலி முடிந்தது என்று ஆள் வந்து சொன்னபோதுதான் போய்ப் பார்த்தார். பிரமாதமான வேலி. சூரை முள்ளையும் காரை முள்ளையும் இலையோடு வெட்டி, நெருக்கி அடுக்கியிருந்தான். ஓணான்கூட யோசித்துத்தான் நுழையும். பெருமிதத்தோடு தலையை நிமிர்த்திக் குன்றைப் பார்த்தார். ஆடு ஒன்றுகூட இல்லை. தீர்மானம் வென்றுவிட்டது.

செடியும் ஒன்றுகூட இல்லை.

"தனகோட்டி," என்றார். "இவ்வளவு முள்ளு எங்கேருந்து வெட்டினே?"

"மலைலேர்ந்துதான் சார். வேற எங்க இருக்குது அவ்ளோ முள்ளு?"

"எந்த மலைலேர்ந்து?"

"இதுலேர்ந்துதான். இந்த மலையக் காப்பாத்தறதுக்கு இந்த மலையே முள்ளு குடுக்கலன்னா வேற எந்த மலை சார் குடுக்கும்?"

புதரைக் காப்பாற்றுவதற்கான வேலியாகப் புதர் முழுவதும் கீழே இறங்கி வந்து, மொட்டை மலையைச் சுற்றிக் காவல் நின்றது. ராஜாராம் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு காபிக் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தக் குன்றை நிமிர்ந்தே பார்க்கவில்லை. பார்க்கிற துணிச்சல் வரவில்லை.

வள்ளியம்மாள் அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே யோசனை சொன்னாள். "மொட்டையடிச்சது ஆடுன்னு சொல்லிடுங்களேன். உங்க கட்டுரையும் அதைத்தானே சொல்லுது."

"ஆமாம்," என்றார் ராஜாராம், உயிர் திரும்பி. "தடை வர்றதுக்கு முன்னாடியே ஆடு தின்னுடுத்து. தடை கொஞ்சம் தாமதமா வந்துடுத்து. அது என் தப்பில்லையே."

"எந்த ஆடுன்னு கேட்டா?"

அதுதான் சிக்கல். நூற்று எண்பத்து மூன்று ஆடும் யாருடையவை என்று ராஜாராம் தெருத்தெருவாக விசாரித்தார். எங்களுது இல்ல சார் என்று ஒவ்வொரு வீட்டிலும் சத்தியம் செய்தார்கள். அபராதத்துக்குப் பயந்து ஊரே வாயை மூடிக்கொண்டது என்று கண்டுகொண்டார். மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி அடுத்த கட்டுரை எழுதலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

கடைசியில் தளவானூர் சாலையில் அகப்பட்டவள் அமலோற்பவம். கழுத்தில் சிலுவை, கையில் துரட்டி, முன்னால் ஒரு பட்டி ஆடு. அவள் மகன் ராஜாராமிடம்தான் ஒன்பதாவது படித்தான். படித்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"அமாவாசையன்னிக்கு ஆட்டை ஓட்டிண்டு வந்து ஈச்சங்குன்று வேலிக்கு வெளில நிக்கணும். நஷ்டப்பட்டவங்க மாதிரி," என்றார் ராஜாராம்.

"இன்னா நஷ்டம்?"

"மலைல மேயவிடாம தடுத்துட்டாங்க இல்லையா?"

அமலோற்பவம் தூரத்தில் தெரிந்த குன்றைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "மேல ஏத்தச் சொல்லுவியா?"

"வேண்டாம். கீழ நின்னா போதும்."

"அப்ப செரி."

"மெட்ராஸ்லேர்ந்து ஒரு பெரியவர் வருவார். எத்தனை வருஷமா இங்க மேய்ச்சேன்னு கேப்பார். முப்பது வருஷமான்னு சொல்லணும்."

"அது பொய்யாச்சே. பொய் சொன்னா நான் கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"ஆராய்ச்சிக்காகச் சொல்றது பாவத்துல சேராது."

"அத சாமியாரு சொல்லட்டும். எம் புள்ளைய ஒம்பதாவதுலேர்ந்து பத்தாவதுக்குத் தள்ளிவுடறேன்னு சொல்லு, பண்ணிக்கறேன்."

ராஜாராம் கொள்கைவாதி. அதனால் முடியாது என்று சொல்லாமல், பார்க்கலாம் என்று சொன்னார்.

அமாவாசையன்று காலையிலேயே அமலோற்பவம் ஆடுகளோடு வந்து வேலி ஓரமாக நின்றாள். நஷ்டப்பட்ட முகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டாள். ராஜாராம் காட்டினார். அவருக்கு அது இயல்பாக வந்தது. பிரசிடெண்ட் மாலையோடு நின்றார். தனகோட்டி புதுப் பால் வைத்துக் காபிக்குத் தயாராக இருந்தான். ஜீப்பைத்தான் காணோம். மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஸ்பெஷல் பஸ்கள் சாலையை அடைத்துக்கொண்டு போக, எங்கேயோ நடுவில் டாக்டர் கோவிந்தசாமி மாட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் வராவிட்டாலும் ஆட்டுக்குப் பசி வரும். வேலி பச்சையாக இருந்தது. சூரை இலை என்றால் வெள்ளாட்டுக்கு உயிர். முதலில் ஒரு கிடா எட்டி ஒரு வாய் கடித்தது. ராஜாராம் அதைச் 'சூ' என்றார். அது மரியாதையாக இரண்டடி தள்ளிப்போய் அங்கே கடித்தது.

"அம்மா, உங்க ஆடு வேலியைத் தின்றது."

"தின்றதுக்கு வேற இன்னா வெச்சிருக்கற?" என்றாள் அமலோற்பவம். "காலைலேர்ந்து பட்டினியா நிக்கச் சொன்னா வாயில்லாத ஜீவன் இன்னா பண்ணும்?"

ராஜாராம் பிரசிடெண்ட் கையிலிருந்த மாலையைப் பிடுங்கி ஆட்டுக்குக் காட்டி வேலியிலிருந்து நகர்த்தப் பார்த்தார். மாலை போயிற்று. வேலியும் போயிற்று. உச்சி வெயிலுக்குள் மாட்டுவண்டி நுழைகிற அளவுக்கு வாசல் விழுந்துவிட்டது. கிடா உள்ளே தலையை நீட்டி மேலே பார்த்தது. யோசித்தது. ஏறியது. மற்றவை அதன் பின்னால் ஏறின.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது.

டாக்டர் கோவிந்தசாமி காக்கி அரை நிஜார், தொப்பி, கைத்தடி சகிதமாக இறங்கினார். மொட்டைக் குன்றைப் பார்த்தார். குச்சியாகக் கிடந்த வேலியைப் பார்த்தார். உயரத்தில் தாவிக்கொண்டிருந்த ஆடுகளைப் பார்த்தார். ராஜாராமுக்குக் கட்டிலடிப் பெயர்ப்பலகை கண்முன் வந்து போயிற்று.

டாக்டர் வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"இதைத்தானய்யா நீர் எழுதினீர். எழுத்துக்கு எழுத்து. ஒரு புல் மிச்சமில்லை பாரும். வேலியைக்கூட விடவில்லையே, ராட்சசக் கூட்டம். உம்ம கட்டுரையை வைத்துத்தான் நான் கமிட்டியில் பேசினேன். ஆறு ஜில்லாவில் மலைக்கு மலை முள்வேலி போட வேண்டும் என்று முடிவாகிவிட்டது."

"ஆறு ஜில்லாவா சார்?" என்று தனகோட்டி காபியோடு முன்னால் வந்தான்.

"ஒரு சந்தேகம்," என்றார் டாக்டர், தொப்பியைத் தூக்கி மேலே பார்த்தபடி. "நிலைமேய்ச்சல் என்கிறதுதான் உம்முடைய பெரிய கண்டுபிடிப்பு. செஞ்சி ஆடு நாள் முழுவதும் நின்ற இடத்தை விட்டு நகராமல் மேயும், உலகத்தில் வேறெங்கும் இப்படிக் கிடையாது என்று எழுதியிருந்தீர். இதுகள் என்ன இப்படிக் குதிக்கின்றன?"

"ஜீப் சத்தம் சார். மிரண்டுடுத்து."

"இருக்கும், இருக்கும்." டாக்டர் அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினார். "ஏனம்மா, எத்தனை வருஷமா இந்தக் குன்றில் மேய்க்கிறாய்?"

அமலோற்பவம் நஷ்டப்பட்ட முகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். "முப்பது வருசமா சாமி."

ராஜாராம் மூச்சை விட்டார். டாக்டர் அவர் முதுகில் தட்டி, திங்கட்கிழமை மெட்ராஸ் வந்து பதவி ஏற்றுக்கொள்ளலாம் என்றார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்த வள்ளியம்மாள் மெல்லப் பின்வாங்கினாள், பாத்திரங்களைக் கட்ட.

அப்போது மேலேயிருந்து 'மே' என்று ஒரு குரல் வந்தது. கிடா ஒரு பாறை நுனியில் நாலு காலையும் ஒன்றாக வைத்துக்கொண்டு நின்றது. முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் வழியில்லை.

"ஐயோ, எங் கிடா," என்று அமலோற்பவம் துரட்டியைக் கீழே போட்டாள்.

"பயப்படாதேம்மா," என்று சிரித்தார் டாக்டர். "முப்பது வருஷமா ஏறி இறங்குகிற ஆடு. வழி தெரியாதா அதுக்கு?"

"எங்கேர்ந்து தெரியும்? இன்னிக்குத்தான மொத மொதல்ல ஏறுது," என்று அலறினாள் அமலோற்பவம். "உள்ள எல்லாம் பொடவு சாமி, அடி தெரியாத பொந்து. உழுந்தா தோலு கூட கெடைக்காது. எங்க நைனா காலத்துலேர்ந்து இந்த ஒரு மலைக்கு மட்டும் ஊர்ல ஒருத்தனும் ஆடு ஓட்டியார மாட்டான். இந்த வாத்தியாரு கீழ நின்னா போதும்னு சொன்னதாலதான் நான் வந்தேன்."

பிரசிடெண்ட் மாலை நாரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"ராஜாராம்," என்றார் டாக்டர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு. "இங்கே ஆடே மேயாது என்கிறாள். அப்படியானால் நூற்று எண்பத்து மூன்று ஆடுகளை எங்கே ஐயா எண்ணினீர்?"

"இங்கதான் சார். அதோ, தனகோட்டி கடை பெஞ்சுல உக்காந்து, தினம் சாயங்காலம். புதருக்குப் புதர் நடுவுல வெள்ளை வெளேர்னு முதுகு தெரியும். ஒண்ணுகூடக் குறையாது. சத்தியமா எண்ணினேன் சார்."

"இப்போது அவை எங்கே?"

ராஜாராம் நாலு பக்கமும் பார்த்தார். மெட்ராஸும் பதவியும் கை நழுவிப் போகிற நேரத்தில் ஒரு மனிதனுக்குக் கடைசியாக ஒரு யோசனை வரும். அவருக்கும் வந்தது.

"வேலி போடறேன்னு மலைமேல ஆளை ஏத்தினது தனகோட்டிதான் சார். அத்தனை பேர் கைலயும் அரிவாள். அன்னிலேர்ந்துதான் ஆட்டைக் காணோம். என்ன பண்ணினான்னு அவனைக் கேளுங்க."

தனகோட்டிக்கு முள்வேலி காண்ட்ராக்ட் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும், ஆட்டுத் திருடன் என்ற பெயரைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காபியை ஜீப்பின் பானெட்மேல் வைத்தான். ஈச்சங்குன்றைக் கையால் காட்டினான். புதரில்லாத குன்றில் மேலிருந்து கீழ்வரை, உருண்டையும் நீளமுமாக, வெயிலில் வெள்ளையாகக் கிடந்தன.

"நாங்க ஒண்ணயும் தொடல சார். வாத்தியாரு எங்க கடைல குந்திக்கினு எண்ணினது எல்லாம் அன்னிக்கு இருந்த எடத்துலயேதான் இருக்குது. பாறைங்க எங்க போவும்?"